பி-படம் என்றால் என்ன? ரயிலுக்குள் ஓடும் ஒரு பழைய கேங்ஸ்டர் படத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

பழைய ஹாலிவுட் படங்களைப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் சீக்கிரமே ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒரு படத்தைப் பற்றி ஒருவர் "மூச்சு விட நேரம் கொடுக்காத படம்" என்பார். அதையே இன்னொருவர் "நாலு பேர் ரயிலுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார்கள், அவ்வளவுதான்" என்பார். யாரை நம்புவது? இந்தக் குழப்பம் 'பி-படம்' என்று சொல்லப்படும் வகையில்தான் அதிகம். அந்த வகை எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டால், அதைப் பற்றி வரும் கருத்துகளைப் பிரித்துப் பார்ப்பது சுலபமாகிவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். 1952இல் ஆர்.கே.ஓ. என்ற ஹாலிவுட் ஸ்டுடியோ வெளியிட்ட 'தி நேரோ மார்ஜின்'. இயக்கியவர் ரிச்சர்ட் ஃப்ளைஷர். கறுப்பு வெள்ளை, மொத்தம் 71 நிமிடம். ஈரோட்டில் ரயிலேறி உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தால் கோயமுத்தூர் வருவதற்குள் முடிந்துவிடும்.

கதை இதுதான். செத்துப்போன ஒரு கேங்ஸ்டரின் மனைவி சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை ரயிலில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அவளை பத்திரமாகக் கூட்டிவர வால்டர் பிரவுன் என்ற போலீஸ்காரர் போகிறார். ரயில் ஏறுவதற்கு முன்பே, அவள் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படியில் பிரவுனின் கூட்டாளியைச் சுட்டுவிடுகிறார்கள். அப்புறம் ரயில். கொலைகாரர்களும் அதே ரயிலில் ஏறிவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரியாது. பிரவுனைத் தெரியும், அவர் யாரை மறைத்து வைத்திருக்கிறார் என்பதுதான் தெரியாது. மிச்சப் படம் முழுக்க இந்தக் கண்ணாமூச்சிதான்.

சரி, இதில் 'பி' எங்கே வருகிறது?

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுவோம். நம் ஊர் சினிமா வியாபாரத்தில் சொல்லும் பி சென்டர், சி சென்டர் வேறு. போஸ்டரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வைக்கும் 'பி கிரேடு' படங்களும் வேறு. இங்கே சொல்லும் பி, ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டிய காலத்தைச் சேர்ந்தது.

1930களில் அமெரிக்காவில் கடும் பொருளாதார மந்தம். தியேட்டருக்கு வரும் கூட்டம் குறைந்தது. ஆட்களை இழுக்க, ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்ட ஆரம்பித்தார்கள். ஒன்று பெரிய நட்சத்திரங்கள் நடித்த முக்கியப் படம். இன்னொன்று அதற்குத் துணையாகப் போடும் சின்னப் படம். முன்னது ஏ, பின்னது பி. இடையில் செய்திப்படம், கார்ட்டூன் எல்லாம் உண்டு. மொத்த நிகழ்ச்சியும் மூன்று மணி நேரத்தை ஒட்டி முடிய வேண்டும் என்றால் சின்னப் படத்துக்கு ஒரு மணி நேரமோ, கொஞ்சம் கூடவோதான் கிடைக்கும்.

நீளத்தைவிட முக்கியமானது காசுக் கணக்கு. பெரிய படத்துக்குத் தியேட்டர் வசூலில் பங்கு. சின்னப் படத்துக்கு ஒரே வாடகை, கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அதே தொகை. காட்டை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விடுவதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். வாரத்துக்கு விட்டவர் மழை பெய்தால் சந்தோஷப்படுவார், வெள்ளாமை நன்றாக வந்தால் அவருக்கும் கூடும். குத்தகைக்கு விட்டவருக்கு வரப்போவது எவ்வளவு என்று முதல் நாளே தெரியும். பி-படம் எடுத்தவர்கள் இந்த இரண்டாவது நிலையில் இருந்தவர்கள். படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் வருமானம் கூடாது. அப்படியானால் லாபம் எங்கிருந்து வரும்? செலவைக் குறைப்பதிலிருந்துதான்.

அதனால் வந்தவைதான் மற்ற எல்லாமே. வேறு படத்துக்குப் போட்ட செட்டையே திரும்பப் பயன்படுத்துவது, சம்பளத்தில் இருக்கும் நடிகர்களையே போடுவது, படப்பிடிப்பை ஓரிரு வாரத்தில் முடிப்பது. பெரிய ஸ்டுடியோக்கள் இதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருந்தன. மோனோகிராம் போன்ற சின்னக் கம்பெனிகள் முழுக்க முழுக்க இதையே நம்பி இருந்தன. 'தி நேரோ மார்ஜின்' சுமார் இரண்டு வாரத்தில் எடுத்து முடிக்கப்பட்டது.

இந்த ஏற்பாடு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஸ்டுடியோக்கள் தங்கள் கையிலேயே தியேட்டர்களையும் வைத்திருக்கக் கூடாது என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் ஸ்டுடியோக்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. எடுத்த சின்னப் படத்தைத் தங்கள் தியேட்டரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்ற உறுதி போனது. கூடவே டெலிவிஷனும் வந்தது. நம் படம் வெளிவந்தபோது பி-படக் காலம் முடியும் கட்டத்தில் இருந்தது. அதுவும் 1950இல் எடுத்த படம் 1952 வரை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஸ்டுடியோ அப்போது ஹோவர்ட் ஹியூஸ் என்ற கோடீஸ்வரர் கையில் இருந்தது. அவருக்குப் படம் பிடித்துப்போய், இதையே பெரிய நட்சத்திரங்களை வைத்துத் திரும்ப எடுக்கலாமா என்ற யோசனையில் வெளியிடாமல் வைத்திருந்தார். பிடித்துப்போனதால் ஒரு படம் தாமதமானது என்று கேட்டால் சிரிப்புதான் வருகிறது.

நம் பக்கத்தில் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் என்ற வழக்கம் வேரூன்றவில்லை. பாட்டு, சண்டை, நகைச்சுவை, இடைவேளை எல்லாம் சேர்ந்த ஒரே நீளப் படம்தான் நமக்கு. ஆனால் செலவை எண்ணி எண்ணிப் படம் எடுக்கும் முறை நமக்குப் புதிதில்லை. சேலத்தில் ஏற்காடு போகும் சாலையில் இன்றும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவே அதற்குச் சாட்சி. 1930களில் அதைத் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். மில் நடத்துகிற மாதிரி ஸ்டுடியோ நடத்தினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். நேரத்துக்கு வேலை, மாதச் சம்பளத்தில் ஆட்கள், குறித்த தேதியில் படம். அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. 1963இல் அவர் மறைந்த பிறகு அந்த நிறுவனம் ஜெய்சங்கரை வைத்து எடுத்த துப்பறியும் படங்களைப் பார்த்தவர்களுக்கு, ஹாலிவுட் பி-படத்தின் வாசனை அந்நியமாக இருக்காது.

இன்னொரு சின்னத் தகவலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் அதற்கு முன்பு திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்தவர். 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் இருந்து புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பியவர். நம் பக்கத்து சினிமாவே ரயில்வே ஆபீசிலிருந்துதான் புறப்பட்டது என்று கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லலாம்.

இப்போது கருத்துகளுக்கு வருவோம்

இந்தப் படத்தை ஈரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் சுவரில் திரை கட்டிப் போட்டேன். பார்த்தவர்கள் சினிமா ஆராய்ச்சிக்காரர்கள் இல்லை. இன்ஜின் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியப்பா, சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம் செய்யும் அக்கா, கோபியில் ஒரு தியேட்டரில் வெகுகாலம் ஆபரேட்டராக இருந்த அண்ணன் ஒருவர், கல்லூரியில் படிக்கும் மச்சினன், இப்படிக் கலந்த கூட்டம். உலகம் முழுக்க இந்தப் படத்தைப் பற்றி என்னென்ன சொல்கிறார்களோ, கிட்டத்தட்ட அத்தனையும் அந்த மாடியில் வந்துவிட்டது.

மச்சினன்தான் முதலில் ஆரம்பித்தான். "படத்துல மியூசிக்கே இல்லைங்க. யாராச்சும் துப்பாக்கி எடுத்தாக்கூட சும்மா இருக்குது."

அவன் சொன்னது உண்மை. இந்தப் படத்துக்குப் பின்னணி இசை கிடையாது. அந்தப் பெண் தன் அறையில் போடும் இசைத்தட்டு மாதிரி, கதைக்குள்ளேயே ஒலிக்கும் பாட்டுதான் உண்டு. மற்றபடி சக்கரச் சத்தம், ஹாரன், கதவு, காலடி. இசையமைப்பாளருக்கும் வாத்தியக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டிய காசு மிச்சம்.

பெரியப்பா இதற்கு நேர்மாறாகச் சொன்னார். "சத்தம் செரியா இருக்குது கண்ணு. கண்ணை மூடிட்டுக் கேட்டாலும் வண்டி வேகம் எடுக்குதா, கொறைக்குதான்னு தெரியுது."

இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறார்கள். பெரியப்பா வேலை பார்த்த காலத்தில் தண்டவாளத் துண்டுகளை ஃபிஷ் பிளேட் என்ற இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கி இணைத்திருப்பார்கள். நம் அகலப்பாதையில் ஒரு துண்டு 13 மீட்டர், அமெரிக்காவில் 39 அடி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் ஒருமுறை தட்டும். அந்தத் தட்டல்களின் இடைவெளியை வைத்தே வண்டியின் வேகத்தைக் கணக்குப் போடலாம். இப்போது நீளநீளமாக வெல்டிங் செய்துவிட்டார்கள். மச்சினன் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தச் சத்தம் தேய்ந்துபோன பிறகு. பெரியப்பாவுக்குத் தாளமாகக் கேட்டது அவனுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை.

இங்கிருந்துதான் நான் சொல்ல வருவது தொடங்குகிறது. ஒரு பி-படத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால், அது காசு இல்லாததால் வந்த குறையா, யோசிக்காததால் வந்த குறையா என்று கேட்டுப் பாருங்கள். முதல் வகையைக் கெட்டிக்கார இயக்குநர் தனக்குச் சாதகமாகத் திருப்பியிருப்பார். அந்த இடத்தில்தான் ஒருவர் குறை என்பதை இன்னொருவர் சிறப்பு என்பார். இரண்டாவது வகைக்கு இந்தச் சலுகை கிடையாது.

இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரே இடத்துல சுத்திச் சுத்தி வருது" என்றார் அக்கா. ஆமாம், படத்தின் பெரும்பகுதி ஒரு ரயில் பெட்டியின் நடைபாதையிலும் இரண்டு மூன்று அறைகளிலும்தான் நடக்கிறது. வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஆகும் செலவு மிச்சம். நம் சிலீப்பர் கோச்சில் மட்டும் போனவர்களுக்கு இந்த அமைப்பு சட்டென்று பிடிபடாது. ஒரு ஓரமாக ஒடுக்கமான நடைபாதை, மறுபக்கம் கதவு வைத்த தனித்தனி அறைகள். ஃபர்ஸ்ட் ஏசியில் போயிருந்தால் தெரியும். எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும்.

ஃப்ளைஷர் அந்த ஒடுக்கத்தை விடாமல் பயன்படுத்துகிறார். படத்தில் ஒரு பருமனான பயணி வருகிறார். பிரவுன் அவசரமாகப் போக வேண்டிய ஒவ்வொரு தடவையும் அவர் குறுக்கே நிற்பார். ஒரு ஆள் நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்பதிலேயே நமக்குப் படபடப்பு வந்துவிடுகிறது. அதே காட்சியைப் பெரிய மாளிகையில் வைத்திருந்தால் சுற்றிக்கொண்டு போயிருப்பார், கதை முடிந்தது.

இன்னொன்று. ரயில் ஆடுவதைக் காட்ட, செட்டையே ஸ்பிரிங் வைத்து ஆட்டுவதுதான் வழக்கம். அதற்குக் காசு வேண்டும். இவர்கள் செட்டைத் தரையோடு அசையாமல் அடித்துவிட்டு, கேமராவைக் கையில் பிடித்து ஆட்டினார்கள். அறைக்குள் நடக்கும் சண்டைக் காட்சியில் கேமரா இரண்டு ஆட்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். 1950இல் இது சாதாரணம் இல்லை. மச்சினன் அந்தச் சண்டைக்கு மட்டும் மொபைலைக் கீழே வைத்தான். அதை ஒரு நல்ல கருத்தாகவே எடுத்துக்கொண்டேன்.

இதே கதையை அந்தக் காலத்து நம் ஊர் ரயிலில் வைத்திருக்க முடியுமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். முடியாது என்றார். அப்போது பல பெட்டிகளில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு, வண்டி ஓடும்போது போகவே வழி கிடையாது. ஏறினால் ஏறின பெட்டிதான், அடுத்த ஸ்டேஷன் வரும் வரை. துரத்துகிறவனும் துரத்தப்படுகிறவனும் வேறுவேறு பெட்டியில் உட்கார்ந்து பிளாட்பாரம் வருவதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான். அதுவும் ஒரு படமாகலாம், ஆனால் வேறு படம். நம்மிடம் 1968இல் ஜெய்சங்கர் நடித்த 'நீலகிரி எக்ஸ்பிரஸ்' இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கும் சென்னைக்கும் இடையே நம் ஊர் வழியாகவே போகும் வண்டியின் பெயர். ஆனால் அது பாட்டும் நகைச்சுவையும் கலந்த நம் பாணிப் படம். ரயிலை விட்டு இறங்காத படம் என்று சொல்ல முடியாது.

அடுத்த புகார்: "இதுல கேங் எங்கடா?" ஆபரேட்டர் அண்ணன் கேட்டது. கேங்ஸ்டர் படம் என்றதும் அவர் எதிர்பார்த்தது கார்கள், கிடங்குகள், இயந்திரத் துப்பாக்கிகள். இங்கே இருப்பது மூன்று நான்கு பேர். அதில் ஒருவன் மரியாதையாகப் பேசி லஞ்சம் கொடுக்க வருகிறான். ஒரு காட்சியில் ரயிலை ஒட்டிய சாலையில் ஒரு கார் கூடவே வருகிறது. அவ்வளவுதான் கேங். நிறைய ஆட்களைக் காட்டக் காசில்லை என்பது வெளிப்படை. ஆனால் எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் வெளியே ஆள் இருக்கிறது, அடுத்த ஸ்டேஷனில் யார் ஏறுவார்கள் என்று தெரியாது. காட்டாத கேங்குக்குத்தான் பிரவுன் பயப்படுகிறார். லஞ்சக் காட்சி சண்டைக் காட்சியைவிட பயமாக இருப்பதும் இதனால்தான். பிரவுன் கைநீட்டி வாங்கிவிட்டால் துப்பாக்கிக்கே வேலையில்லை.

நடிகர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரவுனாக நடித்த சார்லஸ் மெக்ராவுக்குப் பாறையில் அடித்த மாதிரி முகம், கரகரத்த குரல். சிரிக்கவே மாட்டார் போலிருக்கிறது என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். பெரிய நட்சத்திரம் இல்லாததில் ஒரு வசதி உண்டு: இவர் கடைசிவரை உயிரோடு இருப்பார் என்று நம்மால் சத்தியம் செய்ய முடியாது. எம்.ஜி.ஆர். நடித்திருந்தால் அந்தக் கவலையே வந்திருக்காது.

வசனம் பற்றி இரண்டு விதமான கருத்து எப்போதும் உண்டு. ஒவ்வொருவரும் வெடுக் வெடுக்கென்று எதிர்ப்பேச்சு பேசுவார்கள். சிலருக்கு அது ருசி, சிலருக்கு நாடகம். ஆங்கிலம் காதில் சரளமாக விழாதவர்கள் சப்டைட்டிலில் படிக்கும்போது பாதி காரம் போய்விடும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் ஊர்க் கருத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீளத்தைப் பற்றி ஆபரேட்டர் அண்ணன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 71 நிமிடம் என்றால் 6,400 அடியை ஒட்டி வரும். அவர் ஓட்டிய தமிழ்ப் படங்கள் பதினைந்தாயிரம் அடிக்குக் குறைந்ததே இல்லையாம். "இதை நம்மூர்ல போட்டிருந்தா, இன்டர்வெல்லுக்கு முந்தியே படத்தை முடிச்சுட்டாங்கன்னு சேரை உடைச்சிருப்பாங்க தம்பி. ஆனா ஒரு அடிகூட சும்மா ஓடலை." புகாரும் பாராட்டும் ஒரே வாயிலிருந்து வந்தது.

யோசிக்காததால் வந்த குறை

இனி வரும் பகுதியில் படத்தின் முக்கியத் திருப்பத்தைச் சொல்லப்போகிறேன். படத்தைப் பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வரலாம். 71 நிமிடம்தானே.

பிரவுன் உயிரைப் பணயம் வைத்து மறைத்து வைத்திருக்கும் பெண் கேங்ஸ்டரின் மனைவியே இல்லை. அவள் மாறுவேடத்தில் இருக்கும் போலீஸ்காரி. நடித்தவர் மேரி வின்ட்சர். உண்மையான மனைவி, அதே ரயிலில் சின்னப் பையனோடு பயணம் செய்யும் சாந்தமான பெண். பிரவுனிடம் இதைச் சொல்லாததற்குக் காரணம், அவரே லஞ்சம் வாங்கிவிடுவாரோ என்று மேலதிகாரிகளுக்கு இருந்த சந்தேகம். இந்த வரை நல்ல முடிச்சு. இந்தக் கதைக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. சின்ன பட்ஜெட் படத்துக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் கொலைகாரர்கள் அந்தப் போலீஸ்காரியைச் சுட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு படம் அவளை மறந்துவிடுகிறது. பிரவுன் உண்மையான சாட்சியைக் காப்பாற்ற ஓடுகிறார், சரி, அவசரம். எல்லாம் முடிந்த பிறகாவது? கிடையாது. வேலைக்காக உயிரை விட்ட ஒரு சக போலீஸ்காரிக்கு ஒரு வார்த்தை இல்லை. ஆரம்பத்தில் செத்துப்போன ஆண் கூட்டாளிக்காகப் பிரவுன் பாதிப் படம் வருந்துகிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் உறுத்தும்.

அக்கா கொதித்துவிட்டார். "அந்தப் புள்ளை செத்துக் கெடக்குது, ஒருத்தனாச்சும் திரும்பிப் பார்த்தானா? இவனுக்கு அந்த அமைதியான பொண்ணு கெடைச்சிருச்சு, கெளம்பிட்டான்." இந்தப் படத்தைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் தவறாமல் வரும் புகார் இது. மச்சினன் சமாளித்தான்: நேரம் இல்லை, சின்னப் படம், செலவு. நான் அக்கா பக்கம். பத்து விநாடி போதும். மெக்ராவின் முகத்தில் ஒரு நிறுத்தம், அல்லது ஒரே ஒரு வரி வசனம். அதற்கு செட் வேண்டாம், காசும் வேண்டாம். எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பி-படம் என்பதால் மன்னிக்கக் கூடாத இடம் இது.

உண்மையான சாட்சி அத்தனை ஆபத்தான ரயிலில் கூட எந்தக் காவலும் இல்லாமல் ஏன் வர வேண்டும் என்ற கேள்வியும் இந்த வகைதான். படம் ஓடும்போது தோன்றாது, மறுநாள் காலை டீ குடிக்கும்போது தோன்றும். இதை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எதிர்த்திசையில் வரும் மிகையையும் சொல்ல வேண்டும். பழைய படப் பிரியர்கள் சிலர் பி-படம் என்றாலே கொண்டாடுவார்கள். காசில்லாமல் எடுத்தது என்பதே அவர்களுக்குத் தகுதி. அப்படி எடுக்கப்பட்ட ஏராளமான படங்களில் பெரும்பாலானவற்றை இன்று யாரும் பார்ப்பதில்லை, காரணத்தோடுதான். நல்லவை சிலதான் மிஞ்சியிருக்கின்றன. அந்தச் சிலவற்றை வைத்து மொத்த வகையையும் உயர்த்திப் பேசினால், அடுத்து நீங்கள் தேடிப் பார்க்கும் ஏதோ ஒரு படத்தில் தூக்கம் வந்துவிடும்.

காசு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 1990இல் ஜீன் ஹாக்மனை வைத்து இதே கதையைத் திரும்ப எடுத்தார்கள். இயக்கியவர் பீட்டர் ஹையம்ஸ். வண்ணப் படம், கனடா நாட்டு மலைகள், ஹெலிகாப்டர், ரயில் கூரை மேல் சண்டை. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அதை முதலில் பார்த்தவர்கள் பலருக்குப் பழையது சோகையாகத் தெரியும், அதில் தப்பில்லை. ஆனால் காசு வந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை ரயிலுக்கு வெளியே வந்ததுதான். பழைய படத்தில் கடைசிக் காட்சியில், பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் இன்னொரு ரயிலின் ஜன்னல் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை வைத்து, அடுத்த அறையில் கொலைகாரன் எங்கே நிற்கிறான் என்று பிரவுன் கண்டுபிடிப்பார். பெரியப்பா அந்த இடத்தில் "அட!" என்றார். ஸ்டேஷனில் நிற்கும் பக்கத்து வண்டியின் கண்ணாடியில் தன் வண்டியையே ஆயிரம் தடவை பார்த்திருப்பவர் அவர்.

பி-படம் எடுத்த இயக்குநர்கள் எல்லோரும் அங்கேயே தங்கிவிடவும் இல்லை. ஃப்ளைஷரின் அப்பா மாக்ஸ் ஃப்ளைஷர் பாப்பாய் கார்ட்டூன்களைத் தயாரித்தவர். மகன் இந்த ரயில் படம் வெளிவந்து இரண்டே வருடத்தில், 1954இல், டிஸ்னிக்காகக் கடலடியில் நடக்கும் பிரம்மாண்டமான வண்ணப் படம் ஒன்றை எடுத்தார். அதிலும் ஆட்கள் நீர்மூழ்கிக் கப்பலின் ஒடுக்கமான அறைகளுக்குள் அடைபட்டுக் கிடப்பார்கள். கைப்பழக்கம் போகவில்லை போலும்.

முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இரண்டு யோசனை. ஒன்று, மொபைல் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள், ஹெட்போன் போடுங்கள். இசையே இல்லாத படத்தில் சத்தத்தையும் விட்டுவிட்டால் பாதிப் படம் போய்விடும். இரண்டாவது, பிடித்திருந்தால் இன்னொரு முறை பார்த்து, அப்போது மேரி வின்ட்சரை மட்டும் கவனியுங்கள். அவர் நடிப்பது ஒரு போலீஸ்காரியை; அந்தப் போலீஸ்காரி நடிப்பது ஒரு கேங்ஸ்டர் மனைவியை. அவர் ஓவராகப் பேசுகிறார், ஓவராக அலட்டுகிறார் என்று முதல் தடவை நமக்குத் தோன்றும் இடங்கள் எல்லாம் அந்தப் போலீஸ்காரியின் ஓவர் நடிப்பு என்று இரண்டாம் தடவை தெரியும். யாருமே பார்க்காத நேரத்திலும் அவள் அப்படியே இருக்கிறாளா, வேஷம் கலைகிறதா என்பதில் எங்கள் மாடியில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அக்கா கலையவே இல்லை என்கிறார். எனக்கு ஓரிரு இடத்தில் கலைகிற மாதிரி இருக்கிறது.